காளத்தி தந்த பானகல் அரசர்

அமெரிக்காவில் பெரும் பண்ணையாராயிருந்த வாஷிங்டன் புரட்சிக்குத் தலைமை தாங்கியதை வரலாற்றில் படிக்கின்றோம். வாளேந்தாமல் சட்டத்தினாலேயே மாறுதல் கண்ட நிலக்கிழார் ஒருவர் நம் பக்கத்து ஊரினர் என்பதைப் பலர் அறியோம்.

திருக்காளத்தியை வாயுலிங்கத் தலமாகவும் கண்ணப்பர் ஊராகவும் போற்றுகின்றோம். அங்கேதான் 1866ஆம் ஆண்டு பானகல் அரசர் இராமராயநிங்கார் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1912இல் இந்தியச் சட்டசபையில் சென்னை மாகாண ஜமீன்தார்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். தம் வகுப்பாரின் நலங்காப்பதோடு அமைந்திருக்கலாம், அவர் அமையவில்லை. நீதிக்கட்சியில் சேர்ந்து, 1921 முதல் 1926 வரை மாகாண முதலமைச்சராக விளங்கினார். அரசு அலுவல்களில் எல்லா வகுப்பாருக்கும் இடம் வேண்டுமென்ற ஆணை 1921இல் பிறந்தது.

அடுத்த ஆண்டு இந்து அறநிலைய மசோதாவைக் கொணர்ந்தார். கோயிற் சொத்துக்கு முறையான கணக்கும் பொது மேற்பார்வையும் வேண்டும் என்பதே அதன் கருத்து. மடாதிபதிகளும் தர்மகர்த்தாக்களும் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் 1925இல் அது சட்டமாயிற்று.

1843 முதல் மகந்துகள் நடத்திய திருமலை நிர்வாகமும் 1933இல் தனிச் சட்டத்தின்படி தேவஸ்தானக் குழுவிடம் வந்தது. அதனைக் காணப் பானகல் அரசர் இல்லை. 1928 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார்.

காளத்தியில் பிறந்தவர் பெயரைச் சென்னைத் தியாகராயநகர்ப் பூங்கா தாங்கி நிற்கிறது. தமிழகம் அவரை மறக்கவில்லை. அவர் பிறந்த மண்ணிற் குடியேறி வாழும் நாம் மறக்கலாமா? திருமலை உண்டியலில் காணிக்கை இடும்போதெல்லாம், இறைவன் பொருளுக்கும் கணக்கு வேண்டுமென வாதாடிய அப்பெரியாரை நினைவு கூர்வோமாக.