காணொளிக் கூட்டச் சோர்வு: பணியாளரின் பலவீனமா, கூட்டுபவரின் பொறுப்பா?

2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பங்கேற்புகள் பதிவாயின. 2020 ஏப்ரலில் அது 30 கோடியானது. ஒருவர் ஒரே நாளில் ஐந்து கூட்டங்களில் கலந்துகொண்டால் ஐந்தாக எண்ணும் கணக்கு இது. வீட்டிலிருந்து வேலை செய்வோரின் சோர்வுக்குக் கூட்டங்கள் பெருகியதுதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்டத் தோன்றும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், இடையில் எழுந்து நடங்கள் என்று வரும் அறிவுரைகளும் இந்த முடிவிலிருந்து பிறந்தவையே. சோர்வின் ஊற்று கூட்டம் நடத்தப்படும் முறையில் இருக்கிறது என்பதும், ஆகவே அதைக் குறைக்கும் கடமை கூட்டத்தைக் கூட்டுபவருடையது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. சோர்வு எங்கிருந்து வருகிறது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்களை முன்வைத்தார். திரையில் முகங்கள் மிக நெருக்கத்தில் நின்று நம்மையே பார்ப்பது போலிருப்பது. நம் முகத்தை நாமே இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது. கேமராவின் சட்டகத்துக்குள் உடம்பு கட்டுண்டு கிடப்பது. சைகையையும் பார்வையையும் வலிந்து காட்டவும் வலிந்து படிக்கவும் வேண்டியிருப்பது. இது கோட்பாட்டு அளவிலான வாதமே, சோதனையில் நிறுவிய முடிவு அன்று. ஆயினும் பின்வந்த ஆய்வுகளுக்கு இதுவே அடித்தளம்.

நான்காவது காரணம் தமிழ் உரையாடலில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். நேரில் பேசும்போது கேட்பவர் 'ம்' கொட்டுவார். பேச்சு போய்ச் சேர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. காணொளிக் கூட்டத்தில் எல்லாரும் மியூட்டில் இருக்கிறார்கள். கேட்பவர் அந்த 'ம்'முக்குப் பதிலாகத் தலையைப் பெரிதாக ஆட்டுகிறார்; பேசுபவரோ பன்னிரண்டு சிறு கட்டங்களில் எந்தத் தலை ஆடுகிறது என்று தேடிக்கொண்டே பேசுகிறார். நேரில் தன்போக்கில் நடப்பது இங்கே இருதரப்புக்கும் வேலையாகிவிடுகிறது.

இதோடு இணையத் தாமதமும் சேர்கிறது. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 வினாடி அளவே என்று காட்டியது. அவ்வளவு நுண்ணிய தாளத்தில் ஒரு வினாடி தவறினால் என்னவாகும்? தாமதத்தைக் கருவியின் குறையாகக் கொள்ளாமல், எதிரே இருப்பவரின் கவனக்குறைவாக எண்ணிக்கொள்கிறோம் என்று 2014இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று கண்டது.

2. கேமரா என்னும் வருகைப்பதிவு

கிறிஸ்டன் ஷாக்லியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட கள ஆய்வு இந்த விவாதத்தின் திருப்புமுனை. அரிசோனாவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் 103 பணியாளர்கள், நான்கு வாரங்களில் பாதியைக் கேமராவோடும் மறுபாதியைக் கேமரா இல்லாமலும் கழித்தனர். கூட்டங்களில் செலவான மணிநேரம் அன்றாடச் சோர்வோடு ஒட்டிப்போகவில்லை, கேமரா ஒட்டிப்போனது. சோர்ந்தவர்கள் கூட்டத்தில் வாய்திறப்பதும் குறைந்தது. ஈடுபாட்டை உறுதிசெய்யவே கேமராவைக் கட்டாயமாக்குகிறோம் என்னும் மேலாளரின் நியாயத்தையே இது கேள்விக்குள்ளாக்குகிறது.

பெண்களிடமும் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் இவ்விளைவு கூடுதலாக இருந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஸ்டான்ஃபோர்டு குழு நடத்திய கணக்கெடுப்பும் பெண்களிடமே அதிகச் சோர்வைக் கண்டது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அமெரிக்க அணியோடு நடக்கும் ஒரு கூட்டத்தை எண்ணிப்பாருங்கள்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலக் காலை 9.30 என்றால் சென்னையில் இரவு 7 மணி. அங்கே நாள் தொடங்குகிறது. இங்கே ஒரு பெண் பொறியாளர் கட்டிலின் போர்வையைச் சரிசெய்து, கொடியில் காயும் துணியைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளி, பிள்ளையை அடுத்த அறைக்கு அனுப்பி, தலைவாரிக்கொண்டு உட்கார வேண்டும். இந்த வேலைக்கு எந்த டைம்ஷீட்டிலும் இடமில்லை. "கேமராவை அணைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் துணிவும் புதியவருக்கு எளிதில் வராது. தனிநபருக்கான அறிவுரை தோற்பது இங்கேதான்: யாருக்குச் சோர்வு அதிகமோ அவருக்கே அதை மாற்றும் அதிகாரம் குறைவு.

3. இரு மறுப்புகள்

இச்சோர்வு பெருந்தொற்றுக் காலத்தின் எச்சம், இப்போது இல்லை என்பது முதல் மறுப்பு. 2025இல் வெளியான, மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையிலான ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. காணொளிக் கூட்டங்கள் மற்றக் கூட்டங்களைவிடக் களைப்பூட்டவில்லை என்று அது கண்டது. ஆனால் 44 நிமிடத்துக்குட்பட்ட காணொளிக் கூட்டங்கள் மற்றவற்றைவிடக் குறைவாகவே களைப்பூட்டின என்பதும் அதே ஆய்வின் முடிவு. அப்படியானால் சோர்வு தொழில்நுட்பத்தின் பிறவிக்குணம் அன்று. கூட்டத்தின் அமைப்பைப் பொறுத்து ஏறி இறங்குவது. இது நம் வாதத்தைத் திருத்துகிறது, ஆனால் தகர்க்கவில்லை.

கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவதும் சோர்வுதானே என்பது இரண்டாவது மறுப்பு. நியாயமானதே. முதல் அறிமுகம், குறைகேட்பு போன்ற தருணங்களில் முகம் வேண்டும். அன்றாட நிலவர அறிக்கைக்கு அது வேண்டியதில்லை. ஆகவே கேமராவை அடியோடு ஒழிப்பது தீர்வாகாது. அது எப்போது வேண்டும், ஏன் வேண்டும் என்று கூட்டுபவர் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

4. செய்யத்தக்கவை

மைக்ரோசாஃப்ட் 2021இல் 14 பேரின் மூளை அலைகளைப் பதிவுசெய்தது. தொடர்ச்சியான கூட்டங்களில் ஏறிக்கொண்டே போன மன அழுத்தத்தின் அறிகுறி, இடையில் சிறிது ஓய்வு விட்டபோது ஏறவில்லை. மாதிரி சிறியது, எனினும் அரைமணிக் கூட்டத்தை 25 நிமிடத்தில் முடிக்க எந்தச் செலவும் இல்லை. நிலவரத்தை எழுத்தில் பெறலாம். இருவர் பேச்சுக்குத் தொலைபேசி போதும், நடந்துகொண்டே பேசலாம். தன் முகம் தன் திரையில் தெரியாதபடி மறைக்கும் வசதியைப் பயன்படுத்தும்படி கூட்டுபவரே தொடக்கத்தில் சொல்லலாம். பேசுபவர் மட்டும் கேமராவைத் திறந்தால் போதும் என்பதை விதியாக்கலாம்.

இவற்றில் எதையும் பங்கேற்பாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. விருப்பமாக விட்டால் மூத்தவர்கள் அணைத்துக்கொள்வார்கள், இளையவர்கள் திறந்தே வைத்திருப்பார்கள். அனைவருக்கும் பொதுவான விதியாக, அதை வகுக்கும் அதிகாரம் உள்ளவரின் பெயரால் வந்தால்தான் அது சோர்வைக் குறைக்கும்.