ஹாவர்டின் வாசலும் பேராதனையின் வாசலும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்பவர்களின் பேச்சு, சுற்றிச் சுற்றிப் பிள்ளைகளின் படிப்பில் வந்து நிற்கும். யாருடைய பிள்ளைக்குப் பேராதனை கிடைத்தது, யாருக்கு மொறட்டுவை, யாருக்கு யாழ்ப்பாணம்? கடல்கடந்து போன தீவகத்தாரின் வீடுகளிலும் இதே பேச்சு உண்டு. அங்கே பெயர்கள்தான் வேறு: ஹாவர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட். இந்த இரண்டு பட்டியல்களிலிருந்தும் ஒவ்வொரு பெயரை எடுத்து அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஹாவர்ட் ஆளை விசாரிக்கிறது. மதிப்பெண், கட்டுரை, ஆசிரியரின் கடிதம், விளையாட்டு, குடும்பச் சூழல் என்று எல்லாவற்றையும் கேட்கிறது. பேராதனை ஆளைக் காண்பதே இல்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்டத்தின் பெயரும் அதற்குப் போதும். விசாரிக்கும் வாசலில் பழைய மாணவரின் பிள்ளைக்கு நெடுங்காலமாகச் சலுகை இருந்துவந்தது. விசாரிக்காத வாசலில் அமைச்சரின் மகனும் மீனவரின் மகளும் ஒரே வெட்டுப்புள்ளியின் முன் நிற்கிறார்கள். இந்த ஒரு விடயத்தில் நம் வாசலே நேர்மையானது என்பேன்.

மதிப்பு உண்டாகும் விதத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். விண்ணப்பித்த நூறு பேரில் ஏறக்குறைய நால்வரையே ஹாவர்ட் சேர்க்கிறது. அந்த எண்ணிக்கையே அதன் புகழாகிறது. இங்கே வெட்டுப்புள்ளி உயர்ந்த பீடத்தை நல்ல பீடம் என்கிறோம். உள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்று இரு இடத்திலும் அதிகம் பேர் கேட்பதில்லை. 1976இல் கல்லூரி புகுந்த அமெரிக்க மாணவர்களை ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒத்த திறமையும் ஒத்த முனைப்பும் உள்ளவர்கள், பெரும்பெயர்க் கல்லூரியில் படித்தாலும் வேறு கல்லூரியில் படித்தாலும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவே சம்பாதித்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட முக்கியமான விதிவிலக்கு, வறிய குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வாசல் அவர்களுக்கு மெய்யாகவே பயன்பட்டது. நயினாதீவிலோ அனலைதீவிலோ இருந்து படிக்கும் பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த முடிவைப் படிக்கவேண்டும்.

என்னை வியக்கவைத்த உறவு இதைவிட ஆழமானது. இரண்டு வாசல்களிலும் ஊர்க்கணக்கு நுழைந்த கதை ஒன்றுபோலவே இருக்கிறது.

1922இல் ஹாவர்ட் மாணவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர். தலைவர் லோவெல் அந்தத் தொகைக்கு வெளிப்படையாக வரம்பு கட்ட முயன்றார். ஆசிரியர் குழு மறுத்தது. அவ்வாண்டு விண்ணப்பப் படிவத்தில், பிறந்தபின் மாணவரின் பெயரிலோ தந்தையின் பெயரிலோ மாற்றம் செய்யப்பட்டதா என்றொரு கேள்வி முளைத்தது. 1923இல், பள்ளி வகுப்பின் முதல் ஏழில் ஒரு பங்கினருக்குள் வந்தவரைப் பரீட்சையின்றிச் சேர்க்கும் திட்டம் வந்தது. மேற்கிலும் தெற்கிலுமுள்ள சிற்றூர்களிலிருந்து வேறுவகை மாணவர் வருவர் என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு: யூதர் தொகை மேலும் கூடியது. அதன்பிறகே, 1926இல், குணநலன் என்ற அளக்கமுடியாத அளவுகோல் முன்னுக்கு வந்தது.

1960களின் இறுதியில் இலங்கையின் மருத்துவ, பொறியியல் பீடங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழர். 1971இல் தரப்படுத்தல் வந்தது. பேராதனைப் பொறியியலுக்குச் சிங்களமொழி மாணவருக்கு 227 புள்ளி, தமிழ்மொழி மாணவருக்கு 250. 1974இல் மாவட்டச் சனத்தொகைப்படி இடம் பங்கிடும் முறை தொடர்ந்தது. யாழ்ப்பாணத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அதே மாவட்டக் கணக்கு மன்னாரின், வன்னியின் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஹாவர்டின் சிற்றூர்த் திட்டமும் நமது மாவட்ட முறையும், பரீட்சையில் முந்திய சிறுபான்மை ஒன்றைப் பின்னிழுக்கும் நோக்கத்தின் நிழலில் பிறந்தவை. இரண்டுமே வாசலை ஒருபோதும் கண்டிராத சிலரை உள்ளே கொண்டுவந்தன.

கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் அவை பிரிகின்றன. ஹாவர்ட் 1923இல் பள்ளியை அலகாகக் கொண்டது. நாம் மாவட்டத்தைக் கொண்டோம். இன்றும் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் யாழ்ப்பாண மாவட்டமே. ஆகவே நெடுந்தீவுப் பிள்ளையின் போட்டி, காலையில் யாழ் இந்துக் கல்லூரிக்கோ வேம்படிப் பள்ளிக்கோ போய் மாலையில் பெயர்பெற்ற ஆசிரியரிடம் ரியூசனுக்குப் போகும் நகரத்துப் பிள்ளையோடு. கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுக்குப் படகு இல்லை. 1990இன் இடப்பெயர்வில் வெறுமையான ஊர்கள் பல இன்னும் நிரம்பவில்லை. ஊர் நிரம்பாமல் பள்ளியும் நிரம்பாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையோ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலோடு நகரத்துப் பள்ளிக்குப் போய்விடுகிறது. யாழ்ப்பாணம் முந்திய மாவட்டம் என்ற பெயர் நகரம் சம்பாதித்தது. அதற்கான விலையில் ஒரு பங்கைத் தீவுகளும் கட்டிவருகின்றன.

பள்ளியை அலகாகக் கொண்டால் மாணவர் தரம் கெட்டுவிடும் என்பது வழக்கமான அச்சம். 1997இல் டெக்சாஸ் மாநிலம், ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டினருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று சட்டம் இயற்றியது. எஸ்.ஏ.டி. என்ற நுழைவுப் பரீட்சையில் மதிப்பெண் குறைவாக இருந்தும் அவ்வழியே ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்த பலர், கூடிய மதிப்பெண்ணோடு வேறு வழியில் வந்தவர்களுக்குப் படிப்பில் பின்தங்கவில்லை. வசதியில்லாத பள்ளியில் முதலாவதாக வரும் பிள்ளையிடம் பரீட்சைத்தாள் காட்டாத ஒரு வலிமை இருக்கிறது. டெக்சாஸ் அதை நம்பியது, நம்பிக்கை வீண்போகவில்லை.

நமக்குப் புதிய வரைபடம் தேவையில்லை. தீவகக் கல்வி வலயம் ஏற்கனவே இருக்கிறது. யாழ் மாவட்டத்தின் ஐந்து வலயங்களில் அது ஒன்று. மாவட்டத்துக்குரிய 55 பங்கில் ஒரு சிறு பகுதியை வலயவாரியாகக் கணக்கிடவும், தீவகப் பாடசாலையிலேயே தொடர்ந்து படித்த பிள்ளைக்கு அதில் இடம் கொடுக்கவும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முன்வரவேண்டும்.