நூல்விதியும் வழக்காறும்: காலனிய நீதிமன்றங்களில் தர்மம் அடைந்த மாற்றம்

தர்மம் என்பது மாறாத விதித்தொகுப்பு என்னும் கருத்து இன்று பரவலாக நிலவுகிறது. தர்ம சாத்திர நூல்கள் காட்டும் நிலை அதுவன்று. வேதம், ஸ்மிருதி, நல்லோர் ஒழுக்கம், உள்ளத்தின் நிறைவு ஆகிய நான்கையும் தர்மத்தை அறியும் வழிகளாக மனு ஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. நூல் இசைந்த செயலாயினும் உலகத்தார் வெறுப்பதாயின் அதனைச் செய்யலாகாது என்பது யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் கருத்து. நல்லோர் எவர் என்பதை வரையறுத்தவர்களும் நூல் செய்தோரே என்பதால் இந்நெகிழ்வை மிகைப்படுத்திக் கூறுதலும் பொருந்தாது. எனினும் வழக்காறு நூலுக்குப் புறம்பானதாகக் கருதப்படவில்லை.

1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம், வாரிசுரிமை, திருமணம் முதலியவற்றில் இந்துக்களுக்குச் சாத்திரமே சட்டம் என்றது. ஹால்ஹெட்டின் தொகுப்பு 1776-இலும் வில்லியம் ஜோன்ஸின் மனு மொழிபெயர்ப்பு 1794-இலும் வெளிவந்தன. நீதிமன்றப் பண்டிதர் பதவி 1864-இல் நீக்கப்பட்டபின், மொழிபெயர்ப்புகளும் முன்தீர்ப்புகளுமே நீதிபதிகளுக்குச் சான்றுகளாயின.

இப்போக்கினை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது இராமநாதபுரம் ஜமீன் வழக்கு. கணவரின் வெளிப்படையான அனுமதியின்றி, சபிண்டர்களின் இசைவுடன் கைம்பெண் ராணி மேற்கொண்ட தத்து செல்லுமா என்பதே வினா. மதுரை ஆட்சியர் ஒருபுறமும் முத்துராமலிங்க சேதுபதி மறுபுறமும் நின்ற அவ்வழக்கில் பிரிவி கவுன்சில் 1868-இல் தத்து செல்லும் எனத் தீர்த்தது. பழைய மூலநூலிலிருந்து ஒரு கொள்கையை வருவிக்க இயலுமா என்பதைவிட, அவ்வட்டாரத்து மரபு அதனை ஏற்றுள்ளதா, வழக்காறு அதற்கு இசைவளித்துள்ளதா என்று காண்பதே நீதிபதியின் கடமை என்று அத்தீர்ப்பு கூறியது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட விதியை விஞ்சும் என்பதும் அதன் முடிபு.

இத்தீர்ப்பு வழக்காற்றின் வெற்றியாகப் போற்றப்படுவதுண்டு. அதன் மறுபக்கம் போதிய கவனம் பெறவில்லை. மெய்ப்பித்தல் என்னும் நிபந்தனையால், வாழும் நடைமுறையாக இருந்த வழக்காறு தொன்மைச் சான்று தேடும் பொருளாயிற்று. நூல்விதிக்கோ அத்தகைய மெய்ப்பு வேண்டப்படவில்லை. பிராமணரல்லாத சமூகங்கள் அறியாத வடமொழி நூல்களை அவர்கள்மீது சுமத்துவதை, மதுரை நாட்டின் வரலாற்றை எழுதிய ஜே. எச். நெல்சன் 1877-இல் வெளியிட்ட நூலில் கடுமையாகச் சாடினார். அவர் குரல் நீதிமன்றங்களின் போக்கை மாற்றவில்லை.

இவ்வளவுகோலின் விளைவு இருபதாம் நூற்றாண்டில் புலப்பட்டது. புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் செல்லாது என்றது. அண்மைக்காலத்தில் ஒரு பிரிவினர் மேற்கொண்ட முறை வழக்காறு ஆகாது என்பது காரணம். அம்முறையில் மணந்த பெண்களின் மனைவி என்னும் தகுதியும் மக்களின் வாரிசுரிமையும் ஐயத்துக்குள்ளாயின. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் வழக்காறு நெடுங்காலம் தொடர்ந்தும் ஒரே சீராகவும் பின்பற்றப்பட்டிருத்தல் வேண்டும் என்றே வரையறுத்தது. புதிதாகத் தோன்றும் ஒழுக்கம் தர்மமாகும் வழி சட்டத்தில் அடைபட்டிருந்தது.

அவ்வழியைத் திறந்தது சட்டமன்றம். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக இருவரும் அறிந்த மொழியில் உரைத்தலோ, மாலை மாற்றுதலோ, மோதிரம் அணிவித்தலோ, தாலி கட்டுதலோ போதுமானதாயிற்று. முன்னரே நடந்திருந்த அத்தகைய திருமணங்களும் அவை நடந்த நாள்முதல் செல்லத்தக்கவையாயின. அப்பிரிவின்படியான திருமணத்தைப் பொதுவில் அறிவித்து நடத்த வேண்டிய கட்டாயமில்லை என உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது.