தப்பி ஓடியவனின் கதைகள்: மிகாயெல் எண்டே குறித்து

எங்கள் இலக்கியக் கூட்டங்களில் ஒருவரை வாயடைக்கச் செய்வதற்கு 'தப்பித்தல்வாதம்' என்ற ஒரு சொல் போதும். அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் தன் கதையை வாசித்தார். கதையில் ஓர் ஆமை பேசுகிறது; காணாமற் போனவர்களை அது தேடிப் போகிறது. வாசித்து முடிந்ததும் என் நெடுநாள் நண்பர் ஒருவர் எழுந்து, இவ்வளவு அழிவுக்குப் பிறகும் ஆமை பேசுவதாக எழுத வெட்கமில்லையா என்று கேட்டார். இளைஞர் பதில் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாழும் ஜேர்மனியில் இதே குற்றச்சாட்டைப் பல ஆண்டுகள் சுமந்த எழுத்தாளர் மிகாயெல் எண்டே. ஊரில் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் அவரது பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. இந்த நாட்டு மொழியில் பாதியைத் தொழிற்சாலையிலும் மீதியை மகளின் பள்ளிப் புத்தகங்களிலும் கற்றவன் நான். எண்டே அந்த இரண்டாவது பாதியில் வந்து சேர்ந்தார். சிறுவர் நூல்தானே என்றுதான் முதலில் தொட்டேன்.

எண்டே 1929 நவம்பர் 12 அன்று கார்மிஷ் நகரில் பிறந்தார். வளர்ந்தது மியூனிச்சில். தந்தை எட்கார் எண்டே மீயதார்த்த ஓவியர். இருட்டாக்கிய அறையில் படுத்து, மனதில் உருவங்கள் தாமாக வரும்வரை காத்திருந்து, அவை வந்ததும் அந்த இருளிலேயே கோட்டுருவமாகப் பதிவு செய்துகொள்வது அவரது முறை. நாசிகள் இந்த ஓவியத்தைச் சீர்கெட்ட கலை என்று ஒதுக்கினார்கள். 1936இல் அவருக்குத் தொழிற்தடை வந்தது. 1944இல் மியூனிச் மீது விழுந்த குண்டுகளில் அவரது ஓவியக்கூடம் எரிந்தது. 250க்கு மேற்பட்ட ஓவியங்களும் வரைவுகளும் சாம்பலாயின. அதற்கு முந்திய ஆண்டு ஹம்பேர்க் நகர் எரிந்ததை மகன் நேரில் கண்டிருந்தான்.

1945இல் போர் தோற்றுக்கொண்டிருந்த வேளையில் ஹிட்லரின் அரசு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்தது. எண்டேயுடன் படித்த மூவர் முதல் நாளிலேயே இறந்தார்கள். 15 வயதான எண்டே தனக்கு வந்த அழைப்புக் கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, மியூனிச்சை இறுதிவரை காப்போம் என்று நின்ற எஸ்.எஸ். படையினருக்கு எதிரான இரகசிய இயக்கமொன்றில் கடிதம் காவுபவனாகச் சேர்ந்தான். சுருங்கச் சொன்னால், ஓடிவிட்டான். எமது ஊரில் வீடுவீடாகப் பிள்ளைகளைக் கணக்கெடுத்த நாட்களைக் கண்ட எவருக்கும் இந்த இடத்தை வாசித்துவிட்டு இலகுவாகப் பக்கத்தைப் புரட்ட முடியாது. ஓடியவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைத்தோம் என்பதை நான் இங்கே எழுதத் தேவையில்லை.

போருக்குப் பின் மியூனிச்சில் நடிப்புப் பயின்றார். ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் குழுவில் சேர்ந்தார். திரைப்பட விமர்சனம் எழுதினார். எம்மவருக்கு வேதமான பிறெக்ற் அவருக்கும் வேதமாக இருந்தார். பிறெக்ற்றின் கோட்பாட்டின்படி எழுத முயன்று முயன்று கடைசியில் ஒரு வரிகூட எழுத முடியாத நிலைக்கு வந்துவிட்டார் என்பது எம் நாடகக்காரர்கள் யோசிக்க வேண்டிய விடயம். அந்த முடக்கத்திலிருந்து அவரை மீட்டவர்களுள், சிசிலியின் பலெர்மோ நகரச் சதுக்கத்தில் சனங்களுக்கு நடுவே நின்று கதை சொன்ன சாதாரணக் கதைசொல்லிகளும் அடக்கம்.

ஒரு நண்பர் படப் புத்தகத்துக்கு வசனம் எழுதித் தரும்படி கேட்டார். எண்டே தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்து முதல் வாக்கியத்தை அடித்தார். இரண்டாவது என்னவென்று அவருக்கே தெரியாது. திட்டம் ஏதுமின்றி வாக்கியம் வாக்கியமாகப் போய்ப் பத்து மாதத்தில் ஏறத்தாழ 500 பக்கம் சேர்ந்தது. பதிப்பகம் பதிப்பகமாகத் திரும்பி வந்த அந்தப் பிரதியை ஸ்ருட்காட் நகரின் தீனெமான் பதிப்பகம் இரண்டாகப் பிரித்து வெளியிட்டது. 'ஜிம் க்னொப்' கதையின் முதற் பாகம் 1960இலும் இரண்டாம் பாகம் 1962இலும் வந்தன. 1961இல் ஜேர்மன் இளையோர் நூற்பரிசு கிடைத்தபோது, ஏழு மாத வாடகை நிலுவைக்காக வீட்டுக்காரி அவர்மீது வழக்குப் போட்டிருந்தார்.

சின்னஞ்சிறு தீவொன்றுக்குத் தபாற் பொதியில் வந்து சேரும் கறுப்புக் குழந்தையின் கதை அது. அதில் வரும் ட்ராகன்களின் நகர வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை: தூய இரத்தமில்லாத ட்ராகன்கள் உள்ளே வரக் கூடாது, மீறினால் மரணம். நீர்யானைத் தாய்க்குப் பிறந்த பாதி ட்ராகன் ஒன்று வெளியே நின்று அழுகிறது. நாசிகளின் வகுப்பறையில் இனத்தூய்மை பற்றிப் படித்த பிள்ளை இதை எழுதினான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். யூலியா ஃபோஸ் 2009இல் வெளியிட்ட நூலில், ஜிம் என்ற பாத்திரத்துக்குப் பின்னால் ஜெமி பட்டன் நிற்கிறான் என்று காட்டினார். தென்னமெரிக்காவின் தென்கோடியிலிருந்து 1830இல் ஒரு பொத்தானை விலையாகக் கொடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட பழங்குடிச் சிறுவன் அவன். பின்னர் டார்வினுடன் ஒரே கப்பலில் ஊர் திரும்பியவன். 'க்னொப்' என்றால் பொத்தான்தான். எண்டே தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. கறுப்பரை இழிவுபடுத்தும் ஒரு சொல் அந்நூலில் இருந்தது; 2024 பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது.

1968இன் பின்னர் ஜேர்மன் விமர்சகர்கள் இலக்கியத்திடம் அரசியற் பயன் கேட்டார்கள். எண்டே தப்பித்தல்வாதி என்று பெயர் எடுத்தார். அந்த மூச்சுத் திணறலில் 1970களின் தொடக்கத்தில் உரோமுக்கு அருகே ஜென்சானோவுக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாவது ஓட்டம் என்று இதைச் சொல்லலாம். சுமார் ஆறு ஆண்டுகள் உழைத்த 'மோமோ' 1973இல் வெளியானது. நேரத்தைச் சேமியுங்கள் என்று மனிதரை ஏமாற்றி அதைத் திருடிச் செல்லும் சாம்பல் நிறக் கனவான்கள் பற்றிய கதை. இரவு வேலைக்குப் போய்வருபவன் அதைச் சிறுவர் கதை என்று வாசிக்க மாட்டான். அதிலும் ஓர் ஆமை உண்டு. அது வாயாற் பேசாது, முதுகோட்டில் எழுத்துகள் ஒளிரும். காலத்தோடு மதிப்புக் குறையும் பணம் என்ற சில்வியோ கெசெலின் சிந்தனை அந்நூலின் பின்னணியில் இருந்ததை எண்டேயே பின்னர் ஒப்புக்கொண்டார். அன்றைய விமர்சகர்கள் கேட்ட பொருளாதாரம் அவர்கள் தேடாத இடத்தில் கிடந்தது.

1979இல் வந்த 'முடிவற்ற கதை' என் வாதத்துக்கு மிக முக்கியமானது. பஸ்தியான் என்ற சிறுவன் தான் வாசிக்கும் புத்தகத்துக்குள்ளேயே போய்விடுகிறான். பதிப்பாளர் காத்திருந்தார், வெளியீட்டுத் திகதி தள்ளித் தள்ளிப் போனது. காரணம், பையனை வெளியே கொண்டுவரும் வழி எண்டேக்கே தெரியவில்லை. அவன் தொடக்கத்திலிருந்து கழுத்தில் அணிந்திருந்த பதக்கமே வாயில் என்பது எழுதி எழுதித்தான் பிடிபட்டது.

கற்பனை உலகத்தை 'ஒன்றுமின்மை' விழுங்கும்போது அங்குள்ள உயிர்கள் அழிந்துபோவதில்லை என்கிறது நூல். அவை மனித உலகில் பொய்களாக மாறுகின்றன. அந்தப் பொய்களைக் கொண்டு மனிதரை ஆள்வது சுலபம். சுவரொட்டிகளின் கீழ் வளர்ந்த எமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இரண்டாம் பாதியில் பஸ்தியான் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறது. ஒவ்வோர் ஆசைக்கும் தன் ஊர் பற்றிய ஒரு நினைவை இழக்கிறான். முடிசூட ஆசைப்பட்டு நினைவு முழுவதையும் தொலைத்தவர்களுக்கென்று ஒரு நகரம் இருக்கிறது. அவர்கள் எழுத்துக்கட்டைகளை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள், பொருளுள்ள சொல் பெரும்பாலும் வருவதில்லை. அந்தப் பேரரசர்களில் சிலரை இங்குள்ள மண்டபங்களின் முன்வரிசையில் நான் கண்டிருக்கிறேன்.

கடைசியில் பஸ்தியான் மறந்த கனவுப் படங்கள் புதைந்த சுரங்கமொன்றில் நாட்கணக்கில் தோண்டுகிறான். கிடைத்த படத்தில் இருப்பவர் அவனுடைய தந்தை. 1944இல் எரிந்த ஓவியங்களை மகன் தேடிய இடம் அதுவென்றே நான் வாசிக்கிறேன். நேரடி நினைவுக் குறிப்பாக எழுதியிருந்தால் அது ஒரு தீவிபத்து பற்றிய அரைப் பக்கமாக முடிந்திருக்கும்.

பின்னைய ஆண்டுகள் சோர்வானவை. 1984இல் வந்த திரைப்படத்தை வெறுத்து வழக்குப் போட்டுத் தோற்றார்; 1985இல் மனைவி இங்கபோர்க் இறந்தார்; நம்பியிருந்த நிதி ஆலோசகரால் பெருங்கடன் வந்தது. 1995 ஓகஸ்ட் 28 அன்று ஸ்ருட்காட்டுக்கு அருகே வயிற்றுப் புற்றுநோயால் காலமானார்.

என் நண்பரிடம் இக்கட்டுரையை முன்கூட்டியே வாசிக்கக் கொடுத்தேன். எண்டே தன் நாடு தோற்ற பிறகு எழுதியவர், நாமோ தோற்கடிக்கப்பட்டவர்கள், இரண்டும் ஒன்றல்ல என்றார். அது கவனிக்க வேண்டிய மறுப்பு. அடுத்த இதழுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இளைஞரிடமும் கதையைக் கேட்டிருக்கிறேன். கிழித்துவிட்டதாகச் சொல்கிறார், நான் நம்பவில்லை.