மூட்டுகளின் வகைமை: இப்னு சீனாவும் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதியும்

மனிதன் முந்நூற்று அறுபது மூட்டுகளோடு படைக்கப்பட்டுள்ளான் என்று பொருள்படும் நபிமொழி ஒன்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. அதில் மூட்டைக் குறிக்க ஆளப்பட்டுள்ள ‘மஃப்ஸில்’ என்னும் சொல்லையே பிற்கால அரபு மருத்துவர்களும் தம் கலைச்சொல்லாகக் கொண்டனர். நபிமொழி உணர்த்துவது நன்றியறிதலை. அந்த மூட்டுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று ஆராயும் பணியை அறிஞர்கள் மேற்கொண்டனர். அவ்வாராய்ச்சியின் வரலாற்றில் நாம் கருதத்தக்க பாடம் ஒன்று உண்டு.

கிரேக்க மருத்துவர் காலன் எலும்புகளைப் பற்றி எழுதிய நூல்கள், 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் குழுவினரும் செய்த மொழிபெயர்ப்புகளின் வழியே அரபுலகை அடைந்தன. அந்த அடித்தளத்தின் மீது நின்றே இப்னு சீனா (980 – 1037) தமது ‘அல்-கானூன்’ நூலில் மூட்டுகளை வகைப்படுத்தினார். அவர் கூறும் பெரும்பிரிவுகள் மூன்று. ஓர் எலும்பு மற்றதை அசைக்காமல் தான் மட்டும் எளிதில் அசையக்கூடியது முதல் வகை. முன்கையோடு மணிக்கட்டு சேருமிடம் இதற்குச் சான்று. அசைவு அரிதாகவும் சிறிதாகவும் இருப்பது இரண்டாம் வகை. மணிக்கட்டு எலும்புகளும் உள்ளங்கை எலும்புகளும் சேருமிடம் அத்தகையது. ஓர் எலும்பு தனித்து அசையவே இயலாதவாறு கட்டுண்டது மூன்றாம் வகை.

இம்மூன்றாம் வகையை அவர் மேலும் மூன்றாகப் பகுக்கிறார். குழியில் முளை அடித்தாற்போல் ஊன்றி நிற்பது ‘மர்கூஸ்’; தாடையில் பற்கள் நிற்பது இவ்வாறே. வாளின் பற்கள் போன்ற விளிம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது ‘மத்ரூஸ்’. மண்டையோட்டின் எலும்புகள் இவ்வாறு இணைந்துள்ளன. செம்புத் தகடுகளைப் பொருத்தும் கன்னாரின் வேலையை இதற்கு அவர் உவமை காட்டுவது, பட்டறையையும் பார்த்தறிந்த அறிஞர் அவர் என்பதை உணர்த்துகிறது. ஒட்டி நிற்பது ‘முல்ஸக்’. முதுகெலும்பின் கீழ்ப்பகுதிக் கணுக்களை இதில் சேர்க்கிறார்.

இன்றைய உடற்கூற்றியலும் மூட்டுகளை மூன்றாகவே பகுக்கிறது. ஆனால் அதன் அளவுகோல் அசைவு மட்டுமன்று, இடையிலுள்ள பொருளுமாகும். நார்த்திசுவால் இணைந்தவை, குருத்தெலும்பால் இணைந்தவை, மூட்டுத்திரவம் நிறைந்த உறையுடையவை என்பன அவை. பல்லும் மண்டையோடும் முதல் வகையில் அடங்கும். மூன்றாம் வகையில் எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். சுற்றிலும் உறை சூழ்ந்திருக்கும். உறையின் உட்படலம் சுரக்கும் வழவழப்பான திரவம் தேய்மானத்தைத் தடுக்கும். இணைநார்கள் எலும்புகளை விலகாமல் காக்கும். தோளும் இடுப்பும் பந்து கிண்ண மூட்டுகள். முழங்கை கீல் மூட்டு. கழுத்தின் முதலிரு கணுக்கள் சேருமிடம் முளை மூட்டு. எலும்புகள் உராய்ந்து நசுங்காமல் காப்பது குருத்தெலும்பின் பயன் என்று இப்னு சீனா எழுதியது இன்றும் பொருந்துகிறது. இணைநார்களுக்கு உணர்ச்சியில்லை என்று அவர் எழுதியதோ பொருந்தவில்லை. அவற்றில் நரம்பு முனைகள் உள்ளன.

கட்டுண்ட மூட்டுகளில் கீழ்த்தாடையும் ஒன்றெனக் கருதப்பட்டது. அது முகவாயில் இணையும் ஈரெலும்புகளால் ஆனது என்று காலன் எழுதினார். அல்-கானூனும் அதையே வழிமொழிந்தது. பல நூற்றாண்டுகளாக எவரும் இதை ஐயுறவில்லை.

ஐயத்தைத் தீர்த்தவர் பக்தாதில் பிறந்த அப்துல் லத்தீஃப் (1162 – 1231). 1200 முதல் 1202 வரை எகிப்தைக் கொடும் பஞ்சம் வாட்டிய காலத்தில் அவர் அங்கிருந்தார். கெய்ரோவை அடுத்த அல்-மக்ஸில் மாண்டோரின் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடந்தன. அவர் அங்குச் சென்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைக் கண்டு, கீழ்த்தாடையை ஆராய்ந்தார். அது ஒரே எலும்பு. அதில் மூட்டுமில்லை, தையல்கோடுமில்லை. தம் கண்ணை மட்டும் நம்பாமல் பிறரையும் தனியே ஆராயச் செய்தார். பழைய கல்லறை எலும்புகளையும் பார்த்தார். காலப்போக்கில் எலும்புகள் மறைவான இணைப்புகளில் பிரிந்துவிடும். கீழ்த்தாடையோ பிரியவில்லை என்பது அவர் வாதம். காலன் நுணுக்கமாக ஆராய்ந்தவரே எனினும் புலன்வழிச் சான்று அவரினும் நம்பத்தக்கது என்பது அவர் முடிவு.

பச்சிளங் குழந்தையின் கீழ்த்தாடை இரு பாதிகளாகவே இருந்து, முதல் ஆண்டில் ஒன்றுகூடிவிடுகிறது என்பதை இன்று அறிவோம். நாய் போன்ற விலங்குகளில் அவ்விணைப்பு எலும்பாக ஒன்றிவிடாமல் நிலைத்துவிடுகிறது. காலன் அறுத்தாய்ந்தவை பெரும்பாலும் விலங்குகளே என்பதை நினைத்தால் பிழையின் தோற்றுவாய் விளங்கும். முன்னோரைப் போற்றுவதும் அவர்தம் கூற்றைச் சோதிப்பதும் முரணல்ல என்பதற்கு அப்துல் லத்தீஃப் சான்றாகிறார். இப்னு சீனாவின் பெயரைப் பெருமையோடு கூறும் நாம், அவரைத் திருத்திய இவரையும் அதே பெருமையோடு கூறுவதே முறை.

கண்டறிந்ததை மக்கள் மொழியில் வழங்குவது அறிவின் மறுபாதி. ஹுனைன் அரபுக்குச் செய்ததைப் போன்றதொரு தொண்டைத் தமிழுக்குச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவர் மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முனைந்தார். கல்வின் கட்டரின் உடற்கூற்று நூலை 1857இல் தமிழாக்கி வெளியிட்டார். அம்முயற்சி பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. உப்பிலியபுரத்தில் தமிழ்வழி பயிலும் மாணவன் ‘கீல் மூட்டு’, ‘பந்து கிண்ண மூட்டு’ என்று தெளிவாகக் கற்கிறான். அவனே திருச்சிராப்பள்ளியில், தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால், அவற்றை ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியவனாகிறான். காலன் அரபு பேசாதிருந்தால், அவரைத் திருத்த ஓர் அப்துல் லத்தீஃப் தோன்றியிருப்பாரா என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.