தைரொக்சினின் வழித்தோன்றல்கள்

மனிதனின் கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அது சோர்வுற்றால் உடற்சூடு குறையும், முகம் ஊதும், சிந்தை மந்தமுறும். 1891ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மறே என்னும் ஆங்கில மருத்துவர், இந்நோயால் வாடிய பெண்ணொருவருக்குச் செம்மறியாட்டுச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் ஏற்றினார். அச்சிகிச்சையின் துணையால் அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார்.

அச்சாற்றில் உறைந்திருந்த பொருள் யாது? 1914ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று, அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வேட் கெண்டல் அதனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். தைரொக்சின் எனப் பெயர்பெற்ற அப்பொருளில் 33 கிராம் பெறுவதற்கு ஏறக்குறைய 3 தொன் பன்றிச் சுரப்பிகள் வேண்டியிருந்தன. அதன் அமைப்பை 1926இல் இலண்டனில் வரையறுத்தவர் சாள்ஸ் ஹரிங்டன். இரண்டு வளையங்கள், வளையத்துக்கு இரண்டாக நான்கு அயடீன் அணுக்கள். இதுவே உடலை இயக்கும் ஓமோன் என்பது நெடுங்காலம் நிலவிய கொள்கை.

அக்கொள்கை 1952இல் அசைந்தது. இலண்டனில் ரோசலின்ட் பிட்-ரிவேர்ஸ் அம்மையாரும் ஜக் குரோஸ் என்பவரும் மனிதக் குருதியில் மூன்று அயடீன் அணுக்களே கொண்ட மற்றொரு பொருளைக் கண்டனர். பாரிஸ் நகரிலும் அதே ஆண்டில் வேறொரு குழுவினர் அதனை இனங்கண்டனர். மூவயடோதைரொனின் எனப்பட்ட அது, தைரொக்சினிலும் பன்மடங்கு வீறுடையதாய் விளங்கிற்று.

அது பிறப்பது எங்கே? 1970இல் அமெரிக்க அறிஞர் மூவர், சுரப்பி செயலிழந்தோர்க்குத் தைரொக்சின் மாத்திரம் கொடுத்துப் பார்த்தனர். அவர்தம் குருதியிலும் மூவயடோதைரொனின் தோன்றிற்று. சுரப்பி அனுப்புவது பெரும்பாலும் சேமப்பொருளே; அதனின்றும் வினைசெய்யும் பொருளை ஆக்குபவை ஈரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் என்பது தெளிவாயிற்று. சுரப்பியை இழந்தவர்களுள் பெரும்பாலோர் இன்று தைரொக்சின் வில்லையைக் கொண்டே நலமாக வாழ இயல்வது இதனாலன்றோ!

எனினும், கழிக்கப்படுவது எந்த அயடீன் அணு என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது. வெளிவளையத்து அணு நீங்கின் வீறுடைய ஓமோன் பிறக்கும். உள்வளையத்து அணு நீங்கினோ, அதே மூன்று அணுக்களைக் கொண்டும் உடலின் எரிதலைத் தூண்டும் ஆற்றல் ஏறத்தாழ அற்ற பொருளே எஞ்சும். அதனை எதிர்-மூவயடோதைரொனின் என்பர். அது குருதியில் எவ்வளவு உள்ளதென்று அளக்கும் நுண்முறையை 1974இல் இந்தர் சோப்ரா வெளியிட்டார். பட்டினி கிடப்போரிடத்தும் கடும் பிணியுற்றோரிடத்தும் வீறுடைய பொருள் குறைந்து, வீறற்ற பொருள் மிகுவதை 1975ஆம் ஆண்டின் ஆய்வுகள் காட்டின.

உணவு அருகிய வேளையில் உடல் தன் அடுப்பைத் தானே தணித்துக்கொள்கிறது என இதற்கு விளக்கம் கூறுவர். ஆகவே, பிணியாளரின் குருதியில் ஓமோன் குறைந்திருப்பதைக் கண்ட மாத்திரத்தே சுரப்பியிற் குறைகூறல் பொருந்தாது. சிக்கனத்தை நோயென மயங்காதிருக்க மருத்துவம் கற்றுக்கொண்டது, ஓரணுவின் இடம் அறிந்ததனாலேயே.