மதுரை இளம்பெண்கள் பாதுகாப்பு வழக்கு (2021)

தன்பாலீர்ப்புள்ள இரண்டு இளம்பெண்கள் காவல்துறையின் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கோரி 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த ரிட் வழக்கு (எண் 7284/2021). நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவ்வாண்டு ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, பால்புதுமையினரைக் காவல் நிலையம், மருத்துவமனை, பள்ளி, சிறை ஆகிய இடங்களில் எப்படி நடத்த வேண்டும் என்று வகுத்துச் சொன்னது. திருந்த வேண்டியவர்கள் இளைஞர்கள் அல்ல, அவர்களைச் சுற்றியிருப்பவர்களே என்ற நிலைப்பாடுதான் இதன் தனித்தன்மை.

பின்னணி

மனுதாரர்களுக்கு வயது 22, 20. வீட்டில் எதிர்ப்பு வலுத்ததும் மதுரையை விட்டு வெளியேறி, தொண்டு நிறுவனங்களின் உதவியோடு சென்னையில் தங்கினர். இரு வீட்டாரும் மகளைக் காணவில்லை என்று புகார் கொடுக்க, இரண்டு முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. தங்கியிருந்த இடத்துக்கே போலீசார் வந்து விசாரித்தனர்.

வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்பளித்திருந்தது. ஆனால் நடைமுறையில் இளைஞர்களை மடக்கிப் பிடிக்க அதைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவு தேவைப்பட்டதில்லை; 'காணவில்லை' என்ற புகாரே போதும். நிலையத்துக்கு வரவழைத்து, புத்திமதி சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு, பெற்றோருடன் அனுப்பிவைத்துவிடலாம். வீட்டை மீறி மணந்துகொண்ட ஆண், பெண் ஜோடியின் கையில் திருமணப் பதிவுச் சான்றிதழாவது இருக்கும். தன்பால் ஜோடிக்குக் காட்ட ஒரு தாளும் கிடையாது.

விசாரணை

நீதிபதி மனுதாரர்களோடு பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகரின் அறிக்கையில் பெற்றோரின் மனநிலை ஒளிவுமறைவின்றிப் பதிவாகியிருக்கிறது. மகள் ஒரு பெண்ணோடு வாழ்வதைக் காட்டிலும் துணையே இல்லாமல் இருந்துவிடுவது கௌரவம் என்று அவர்கள் கருதினர். ஊர் என்ன பேசும், வம்சம் என்னாகும், மகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கவலைகளும் இருந்தன. அவற்றில் அன்பும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அன்பு மகளைப் போலீஸ் நிலையம் வரை துரத்தியது.

அடுத்து நடந்தது நீதிமன்ற வரலாற்றில் அபூர்வம். இவ்விஷயம் தமக்கே விளங்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நீதிபதி, தாமும் உளவியலாளரிடம் அமர்வுக்குச் சென்று, பால்புதுமையினர் சிலரைச் சந்தித்துக் கேட்டறிந்த பிறகே உத்தரவு எழுதினார்.

உத்தரவு

காணவில்லை என்ற புகாரை விசாரிக்கும்போது, சம்பந்தப்பட்டவர்கள் விரும்பிச் சேர்ந்து வாழும் வயதுவந்த பால்புதுமையினர் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்பது காவல்துறைக்கான கட்டளை. உதவி செய்யும் அமைப்புகளின் பட்டியல், தங்குமிடம், நீதித்துறையினருக்கும் சிறைத்துறையினருக்கும் பயிற்சி ஆகியவையும் இடம்பெற்றன. பாலீர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்தும்' முயற்சிகள் தடைசெய்யப்பட்டன.

விளைவுகள்

வழக்கை முடித்துவிடாமல் நீதிமன்றம் தொடர்ந்து கண்காணித்ததால் பலன் கிடைத்தது. 2022 தொடக்கத்தில் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையோ அவர்களுக்காக உழைப்பவர்களையோ துன்புறுத்தும் காவலர் மீது துறை நடவடிக்கை எடுக்க இது வழி செய்கிறது. சட்டப்படியான விசாரணைக்கு விலக்கு உண்டு என்ற விளக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டிருப்பதால், விதியின் பலம் நிலைய அதிகாரியைப் பொறுத்தே அமைகிறது.

மருத்துவத் துறையில் மாற்றம் இன்னும் தெளிவானது. தன்பாலீர்ப்பைக் குற்றமாகவும் வக்கிரமாகவும் பாடப்புத்தகத்தில் படித்துத் தேறிய மருத்துவரிடமே இளைஞரைப் பெற்றோர் அழைத்துச் சென்றுகொண்டிருந்தனர். அத்தகைய இழிவான பகுதிகள் கொண்ட நூல்களை ஏற்க வேண்டாமென தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. மறு ஆண்டு, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சையளிப்பது மருத்துவருக்கான தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குத் தெரிவித்தது. மருத்துவராகப் பதிவு பெறாத சாமியார்களையும் 'ஆலோசகர்'களையும் இது தொடாது.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பால்புதுமையினரைக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

பிற்கால வழக்குகள்

இத்தகைய ஜோடிகள் தொடர்பான ஆட்கொணர்வு வழக்குகளில், விருப்பத்தை மாற்றும் நோக்கில் ஆலோசனைக்கு அனுப்பக்கூடாது என்று 2024 மார்ச்சில், கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2025 மே மாதம், வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்த்துத் தொடரப்பட்ட ஆட்கொணர்வு மனுவில், பெற்றோர் அடைத்துவைத்திருந்த, தன்பாலீர்ப்புள்ள 25 வயதுப் பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் கூறியது. புகார் வந்தும் அசையாத காவல்துறை கண்டனத்துக்குள்ளானது. 2021 உத்தரவின் நெறிமுறைகள் வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

குறைபாடுகள்

காவல்துறைக்கான பாதுகாப்புக் கட்டளை வயதுவந்தோருக்கு மட்டுமே பொருந்தும். பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளை சட்டப்படி பெற்றோரிடமோ குழந்தைகள் நலக் குழுவிடமோதான் போக வேண்டும். அந்த வயதினருக்கு உத்தரவு தரும் ஆதரவு பள்ளி வழியாகத்தான்: பாலினப் பாகுபாடற்ற கழிப்பறை, ஆவணங்களில் பெயரும் பாலினமும் திருத்த வசதி, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் விழிப்புணர்வு, பால்புதுமை மாணவர்களைப் புரிந்துகொண்ட ஆலோசகர். இதில்தான் முன்னேற்றம் மிகக் குறைவு. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி என்சிஇஆர்டி 2021இல் வெளியிட்ட ஆசிரியர் பயிற்சிக் கையேடு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது.